கந்தப்பளை ஸ்டேசன் எங்க போச்சு?

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு விஷயம். நுவரெலியா பக்கத்துல இருக்குற கந்தப்பளையில நெசமாவே ரயில்வே ஸ்டேசன் இருந்திச்சா, இருந்திச்சுன்னா அது எப்படி தடமே இல்லாம போச்சுன்னு. இருந்திச்சு. சும்மா ஒரு கொட்டகை போட்டு கோச்சி (ரயிலை நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம்) நின்ன எடம் இல்ல, இந்த இலங்கைத் தீவிலேயே ஆக உயரத்துல இருந்த ஸ்டேசன்கள்ல ஒண்ணு, 6,300 அடிக்கு மேல. இன்னைக்கு பட்டிப்பளை ஸ்டேசன்ல 6,226 அடின்னு போர்டு போட்டிருக்கான், எல்லாரும் அதுக்குக் கீழ நின்னு போட்டோ புடிக்கிறாங்க, நம்ம கந்தப்பளை அதை விட மேட்டுல இருந்திச்சுன்னு கந்தப்பளைக்காரனுக்கே தெரியல. அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

நானுஓயாவுல இருந்து இராகலை வரைக்கும் ஓடின லைன் அது, மொத்தம் 19 மைல். நானுஓயா, பிளக்பூல், நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட், இராகலைன்னு போகும். 1903 கடைசியில நுவரெலியா வரைக்கும் வந்திச்சு, அடுத்த வருஷம் 1904ல இராகலை வரைக்கும் இழுத்துட்டாங்க. பேரு உடப்புசல்லாவ ரெயில்வே, ஆனா உடப்புசல்லாவ டவுனுக்கு அது போய்ச் சேரவே இல்ல, இராகலையோட நின்னுருச்சு. நம்ம சனங்க அதை சின்னக் கோச்சின்னு சொல்லுவாங்க. கொழும்புல இருந்து வர்ற மெயின் லைன்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அஞ்சரை அடி, இதுல ரெண்டரை அடிதான், அதாவது பாதிக்கும் கம்மி. அப்ப கொழும்புல இருந்து அவிசாவளை பக்கம் போன களனிவெளி லைனும் இதே ரெண்டரை அடி கணக்குதான்.

இங்க ஒரு தப்பான கதையை சரி பண்ணிடுறேன். நுவரெலியா ரொம்ப உயரம், பெரிய கோச்சியால ஏற முடியல, அதான் நானுஓயாவோட நின்னுருச்சுன்னு டூரிஸ்ட்டுகளை கூட்டிப் போற வேன் டிரைவர்மாரு கூட சொல்றாங்க. அது பிழை. நுவரெலியா டவுன் 6,100 அடி சொச்சம், பட்டிப்பளை 6,226 அடி, அங்க பெரிய கோச்சி இன்னைக்கும் ஏறிப் போகுதே. விஷயம் உயரம் இல்ல, தெசை. 1885ல லைன் நானுஓயாவுக்கு வந்திச்சு, அங்க இருந்து ஊவா பக்கத்து தோட்டங்களுக்கு போறதுதான் வெள்ளைக்காரனோட நோக்கம், அதனால தெக்கால திரும்பி பட்டிப்பளை வழியா 1893ல அப்புத்தளைக்கும், அடுத்த வருஷம் பண்டாரவளைக்கும் போயிட்டான், பதுளைக்கு போய்ச் சேர்ந்தது 1924ல. நுவரெலியா அந்த தெசையில இல்ல, அதுக்கும் வடகிழக்கால இருக்குற கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவ தோட்டங்க சுத்தமா ஒதுங்கிப் போச்சு.

அந்தத் தோட்டத்து துரைமாருக்கு இது பெரிய தலையிடி. கோப்பி இலை நோய்ல 1869க்குப் பொறகு கோப்பி அழிஞ்சு போயி தேயிலை வந்த காலம், தேயிலை வந்தா ஸ்டோர் வரணும் (வெளியூர் ஆளுங்களுக்கு சொல்றேன், மலைநாட்டுல ஸ்டோர்ன்னா தேயிலை பேக்டரி), ஸ்டோர் வந்தா மெசின் வரணும், பெட்டிக்குப் பலகை வரணும், ஒரம் வரணும், எல்லாத்துக்கும் மேல அரிசி வரணும். இந்த அரிசி சங்கதியை நெறைய பேரு யோசிக்கிறதில்ல. இந்தக் குளிர்ல நெல்லு வெளையாது, தோட்டத்துல இருந்த அத்தனை சனத்துக்கும் அரிசி கப்பல்ல கொழும்புக்கு வந்து, அங்க இருந்து மலைக்கு ஏறணும், அதை தோட்டத்துலயே அளந்து குடுத்துட்டு சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. அப்ப மேல ஏறுறது அரிசி, கீழ இறங்குறது தேயிலை. நானுஓயா வரைக்கும் கோச்சியில வந்த அரிசி அங்க இருந்து மாட்டு வண்டியில வரணும், மழைக்காலத்துல அந்த ரோட்டு சேறாப் போனா வண்டி அப்பிடியே நின்னுரும். அதுக்காகத்தான் துரைமாரு கேட்டு இந்த லைன் வந்திச்சு. நமக்காக வந்ததில்லைங்கிறதை முதல்லயே சொல்லிடணும், ஏன்னா அது ஏன் போச்சுங்கிறதுக்கும் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

ஏன் ரெண்டரை அடி? காசுதான். மலையைச் சுத்தி சுத்திப் போற பாதை, நானுஓயாவுல இருந்து நுவரெலியாவுக்கு ஆறு மைல் சொச்சத்துல கிட்டத்தட்ட 800 அடி ஏறணும். பெரிய லைன் போட்டா வளைவெல்லாம் அகலமா எடுக்கணும், மலையை நெறைய வெட்டணும், பாலம் பெருசா கட்டணும். சின்ன லைன்னா மலையோட மடிப்புக்குள்ளயே நெளிஞ்சு போயிரும், வெட்டு கம்மி, கல்லு கம்மி. அந்த நேரத்துல சரியான கணக்கு மாதிரிதான் இருந்திருக்கும். ஆனா அதுல ஒரு பெரிய கோளாறு ஒளிஞ்சிருந்திச்சு, அதை அனுபவிச்சது எங்க தாத்தா மாதிரி ஆளுங்க.

எங்க தாத்தா திருச்சி பக்கத்துல இருந்து சின்னப் பையனா வந்தவரு. தலைமன்னார் கோச்சி 1914ல ஓடத் தொடங்கின பொறகு வந்ததால காட்டு வழியா நடக்குற கொடுமை அவருக்கு இல்ல. அதுக்கு முந்தி மன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்து வந்ததுல வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேரு. தாத்தாவை கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் கேம்ப்ல வச்சிருந்து, கழுத்துல ஒரு தகர வில்லையை கயித்துல கட்டி விட்டாங்களாம், அதுல எந்தத் தோட்டம்னு நம்பர் அடிச்சிருக்கும். அந்த தகரம் இருந்தா கோச்சிக்கு காசு குடுக்கத் தேவையில்ல, தோட்டம் கட்டிக்கும். ஆனா காசு குடுக்கலைன்னா கடன் இல்லைன்னு அர்த்தம் இல்ல தம்பி. கடலுக்கு அந்தப் பக்கத்துல கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேத்துக் கொண்டு வர்றவன்) குடுத்த முன்காசுல இருந்து எல்லாம் பேர்ல ஏறி நிக்கும், அந்தக் கடனை எழுதின துண்டு இல்லாம வேற தோட்டத்துக்கு போக முடியாது, 1921ல துண்டு முறையை ஒழிக்கிற வரைக்கும் அப்பிடித்தான். பெரிய கோச்சியில நானுஓயா வந்து எறங்கி, சின்னக் கோச்சியில ஏத்தி, கந்தப்பளை ஸ்டேசன்ல தலையை எண்ணி எறக்கியிருக்காங்க. ஒரு துணியோட வந்த சனம். அங்க எறங்கின அன்னைக்கு ராத்திரி குளிர்ல அவங்கம்மா ஒரு சாக்கைப் பிரிச்சு போத்தி விட்டாங்கன்னு தாத்தா சொல்லுவாரு, அந்த சாக்குல அரிசி வாசம் அடிச்சிச்சாம். அந்த அரிசியும் அதே கோச்சியில வந்ததுதான்.

இப்ப கோளாறுக்கு வர்றேன். கந்தப்பளையில ஏத்தின தேயிலைப் பெட்டி நேரா கொழும்புக்குப் போகாது. சின்ன லைன் பெட்டி பெரிய லைன்ல ஓடாதே. அதனால நானுஓயாவுல சின்ன வேகனையும் பெரிய வேகனையும் கிட்ட கிட்ட நிப்பாட்டி, ஒவ்வொரு பெட்டியா ஆளுங்க தூக்கி மாத்தணும். அரிசி மூட்டையும் அப்பிடித்தான், ஒரம், மெசின் சாமான் எல்லாம் அப்பிடித்தான், போறதுக்கு ஒரு தரம் வர்றதுக்கு ஒரு தரம். ஒரு தேயிலைப் பெட்டி நூறு இறாத்தல் (பவுண்டு) சொச்சம் வரும், ஓரமெல்லாம் தகரம் அடிச்சிருக்கும். தாத்தா வாலிபத்துல தோட்ட வேலையை விட்டுட்டு கொஞ்ச வருஷம் அந்தப் பெட்டி மாத்துற வேலைக்குப் போயிருக்காரு. அவரோட வலது தோள்பட்டையில எலும்போரமா ஒரு காய்ப்பு, கட்டை வெரல் தடிப்புக்கு நீட்டமா இருக்கும், சின்னப் பிள்ளையில நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். அந்தத் தகர ஓரம் வச்ச தழும்பு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்டோர்ல இருந்து ஸ்டேசனுக்கு வண்டியில கொண்டு போகணும், வண்டியில இருந்து சின்னக் கோச்சிக்கு ஏத்தணும், நானுஓயாவுல மாத்தணும், கொழும்புல எறக்கணும். லொறி இல்லாத காலத்துல இதுக்கு வேற வழி இல்ல. 1920கள்ல லொறியும் பஸ்ஸும் மலைக்கு ஏற ஆரம்பிச்சிருச்சு, ரோட்டும் திருந்திச்சு. ஸ்டோர் வாசல்ல லொறியில ஏத்தின பெட்டியை ஏன் அரை மைல், ஒரு மைல்ல ஸ்டேசன்ல எறக்கணும்? நேரா நானுஓயாவுக்கே கொண்டு போயி பெரிய வேகன்ல ஏத்திடலாமே, ஒரு தூக்கு மிச்சம். அந்த யோசனை வந்த அன்னைக்கே சின்னக் கோச்சி செத்துப் போச்சுன்னு நான் சொல்லுவேன், அதுக்குப் பொறகு ஓடினதெல்லாம் இழுத்துக்கிட்டு கெடந்த காலம். நீளமான லைன்னா கோச்சிக்கு லாபம் இருக்கும், வெறும் 19 மைல்ல லொறியோட போட்டி போட முடியாது. அதோட 1929க்குப் பொறகு உலகம் பூராவும் பணமுடை, தேயிலை வெலை விழுந்து 1933ல தேயிலை நாடுங்க சேந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம் போட்டாங்க. வருமானம் கொறைஞ்சு போச்சு, மலை லைன் பராமரிக்கிற செலவு கொறையல. மண்ணு சரியும், தண்ணி ஓடுற கான் அடைக்கும், ஒவ்வொரு மழைக்கும் ஆள் போட்டுக்கிட்டே இருக்கணும்.

யுத்தம் வந்ததால, ஜப்பான்காரன் குண்டு போட்டதால மூடினாங்கன்னு ஒரு கதை எங்க தோட்டத்துல ஓடும். கொழும்புல குண்டு விழுந்தது 1942 ஏப்ரல்ல. அதுக்கு முந்தியே இந்த லைனோட மூச்சு அடங்கிப் போச்சு, மேல சொன்ன லொறிக் கணக்குதான் காரணம். 1940கள்ல கோச்சியும் நின்னு தண்டவாளத்தையும் புடுங்கிட்டாங்க. களனிவெளி லைன்லயும் எட்டியாந்தோட்டைக்குப் போன துண்டு இதே காலத்துலதான் போச்சு, இரத்தினபுரி ஓபநாயக்க பக்கம் 1970கள்ல போச்சு. மிச்சம் இருந்த அவிசாவளை வரைக்கும் லைனை 1990கள்ல அகலமாக்கி காப்பாத்திட்டாங்க. கொழும்புக்கு கிட்ட இருந்ததால அதுக்கு அந்த அதிர்ஷ்டம், அதுல வேலைக்குப் போற சனம் இருந்திச்சு, அவங்களுக்கு ஓட்டு இருந்திச்சு. நம்ம பக்கத்துல கோச்சியில போன சனம் யாரு? தோட்டத்து சனம். ஸ்டேசனை மூடும்போது யாரும் நம்ம கிட்ட கேக்கல, 1948ல நம்ம பிரஜாவுரிமையையே எடுத்தாங்களே, அப்பவும் கேக்கல.

ஸ்டேசன் இருந்த காலத்துல நம்ம சனத்துக்கு அது என்னவா இருந்திச்சுன்னு கேட்டா, வெளி உலகத்துக்கு இருந்த ஒரே கதவுன்னு சொல்லலாம். எங்க அப்பாயி கோட்லோஜ் பக்கத்து தோட்டத்துல பொறந்தவங்க, கல்யாணம் கட்டி வந்ததே அந்தக் கோச்சியிலதான். பொண்ணு வீட்டுக்காரங்க சீர் சாமானோட ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கந்தப்பளை ஸ்டேசன்ல மேளத்தோட நின்னாங்களாம். ஏறி உக்காந்தா கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள எறங்குற தூரம், நடந்தே வந்திருக்கலாம். ஆனா அப்பாயிக்கு அதுல அவ்வளவு பெருமை. "நான் கோச்சியில வந்த பொண்ணு"ன்னு மருமகமாருகிட்ட எல்லாம் சொல்லிக் காட்டுவாங்க.

நான் இதெல்லாம் முழுசா கேட்டது ஒரே ஒரு நாள்ல. 1964ல இங்கத்த பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க இல்லையா, நம்ம சனத்துல 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்கன்னு, மிச்ச 150,000 பேரை பொறகு பாப்போம்னு. எங்க சித்தப்பா குடும்பத்துக்கு இந்தியான்னு வந்திருச்சு. 70கள்ல ஒரு நாள் விடியக்காத்தால லொறி புடிச்சு நானுஓயாவுக்குப் போனோம், தாத்தா, அப்பா, நான், அத்தை, ஒரு லொறி நெறைய சனம். ஒரே நாள்ல நாலஞ்சு தோட்டத்துக் குடும்பங்க போகுது. அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சின்னு ஏன் சொன்னாங்கன்னு அன்னைக்கு நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும், கோச்சிக்குள்ள இருந்து ஒரு கை, வெளிய இருந்து ஒரு கை, விடவே மாட்டாங்க, கோச்சி நகர ஆரம்பிச்ச பொறகும் கூடவே ஓடுவாங்க.

தாத்தா அழல. கோச்சி போன பொறகு பிளாட்பாரத்தை விட்டு எறங்கி ஒரு ஓரமா நடந்து போனாரு, நான் பின்னாலயே போனேன். ஒரு எடத்துல நின்னு கால்ல தரையை ரெண்டு தட்டு தட்டி, "இங்கதாண்டா சின்னக் கோச்சி நிக்கும், அங்க பெரிய கோச்சி, நடுவுல நாங்க"ன்னாரு. அப்புறம் லொறி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாரு. தகர வில்லை, அரிசிச் சாக்கு, பெட்டி, எத்தனை பேரு வேலை செஞ்சாங்க, யாரு யாரு கால் நசுங்கினாங்க எல்லாம். வந்ததும் இதே எடம், மகனை அனுப்புனதும் இதே எடம். அவரு சொன்னது எல்லாம் எனக்கு இன்னைக்கும் வரிசையா ஞாபகம் இருக்கு. அதுக்குப் பொறகு ரெண்டு வருஷம்தான் இருந்தாரு.

இன்னொண்ணும் கேட்டிருந்தீங்க, திரும்ப அந்த லைனைப் போடலாமான்னு. டூரிஸ்ட்டுக்காகன்னு அப்பப்ப பேச்சு வரும். எனக்கும் ஆசைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோச்சி போன பாதையில இப்ப சில எடம் ரோட்டு, சில எடம் மரக்கறித் தோட்டம், சில எடத்துல நம்ம ஆளுங்க வீடு கட்டி ரெண்டு மூணு தலைமுறையா இருக்காங்க, கையில காணி உறுதி (பத்திரம்) இல்லாம. யாராவது பிளான் போட்டா முதல்ல எந்திரிக்கச் சொல்றது அவங்களைத்தான். அவங்களுக்கு முதல்ல காணியும் உறுதியும் குடுத்துட்டு மிச்சத்தைப் பேசட்டும், அதுவரைக்கும் நான் அந்தப் பேச்சுக்கு ஆதரவு இல்ல. கந்தப்பளைக்குப் பக்கத்துல ஹெதர்செட் தோட்டத்து பழைய ஸ்டோரை ஹொட்டலாக்கி இருக்காங்களே, அங்க ஒரு பழைய கோச்சிப் பெட்டியை நிப்பாட்டி அதுக்குள்ள சாப்பாடு குடுக்குறாங்க. அழகா வச்சிருக்காங்க, அதைக் கொறை சொல்ல மாட்டேன். அதுல பெட்டி தூக்குனவனைப் பத்தி ஒரு வரி எழுதி மாட்டினா நல்லாயிருக்கும்.

நீங்க நேர்ல பாக்கணும்னா எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு சொல்றேன். தண்டவாளத்தைத் தேடாதீங்க, கெடைக்காது. சரிவைப் பாருங்க. நம்ம ஆளுங்க போட்ட குறுக்குப் பாதை செங்குத்தா மேல ஏறும். கார் ரோட்டு ஏறும் எறங்கும். கோச்சிப் பாதை அப்பிடி இல்ல, கோச்சியால திடீர்னு ஏற முடியாதுங்கிறதால மலையோட ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் போயி, சுத்தி, வெளிய வந்து, ஒரே சீரா மெதுவா ஏறிக்கிட்டே போகும். தேயிலைக்கு நடுவுல ஒரு வண்டி போற அகலத்துல அப்பிடி ஒரு சமதளம் மலையைச் சுத்திப் போகுதுன்னா அங்க நின்னு பாருங்க. ஓடை குறுக்க வர்ற எடத்துல செதுக்கின கருங்கல்லுல கட்டின மதகு இருந்தா கிட்டத்தட்ட நிச்சயம், வெறும் ஒத்தையடிப் பாதைக்கு யாரும் அவ்வளவு பெரிய கல்லு வச்சு கட்ட மாட்டாங்க. கந்தப்பளையில இருந்து இராகலைப் பக்கமா எறங்குற சரிவுல இப்பிடி ரெண்டு மூணு எடம் நான் நடந்து பாத்திருக்கேன்.

லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) வயசான அம்மாமாருகிட்ட "ரயில்வே ஸ்டேசன் எங்க"ன்னு கேக்காதீங்க, நானுஓயாவுக்கு பஸ்ஸைக் காட்டி விட்டுருவாங்க. "கோச்சி ரோட்டு எது"ன்னு கேளுங்க, கையை நீட்டிக் காட்டுவாங்க. கோச்சியைப் பாத்தவங்க இப்ப யாரும் மிச்சம் இருக்க மாட்டாங்க, அவங்களுக்கு அவங்க அம்மா சொன்ன பேரு அது. போறதுன்னா காலையில ஏழு மணிக்கே நடக்க ஆரம்பிச்சிருங்க, மத்தியானத்துக்கு மேல மூட்டம் எறங்கிருச்சுன்னா பக்கத்து செடியே தெரியாது. ரத்தம் குடிக்கிற அட்டைக்கு உப்பும் சவுக்காரமும் கொண்டு போங்க, மதகு கிட்ட எறங்குறதா இருந்தா பாத்து எறங்குங்க, பாசி புடிச்ச கல்லு வழுக்கும்.

அப்புறம் ஒரு உதவி. உங்க தாத்தா இராகலைப் பக்கம்னு எழுதியிருந்தீங்க. வீட்டுல பழைய பெட்டியில, சாமித் தட்டுல, எங்கயாவது நம்பர் அடிச்ச வட்டமான ஒரு தகரம் கெடந்தா தூக்கி வீசிராதீங்க. எங்க வீட்டுல இருந்ததை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. கெடைச்சா ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எந்தத் தோட்டத்து நம்பர்னு சேந்து தேடிப் பாப்போம்.